மறு: ‘மருந்துவழி விழிப்பிறழ்வு’ என்ற ஒரே சொல் போதுமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

> மனநல மருந்துகளை நெடுநாள் எடுப்பவர்களுக்கு வரும் கண்ணசைவுச் சிக்கல்கள் எல்லாவற்றையும் ‘மருந்துவழி விழிப்பிறழ்வு’ என்றே சொல்லிவிடலாமே.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணத்தைப் பெயருக்குள்ளேயே வைத்தால் பின்னால் வம்பு. நகரும் பொருளைச் சீராகப் பின்தொடர்வதில் மனச்சிதைவு உள்ளவர்களின் கண் தடுமாறுகிறது என்று டீஃபென்டார்ஃப், டாட்ஜ் என்ற ஆய்வாளர்கள் 1908-லேயே எழுதிவிட்டார்கள். மனச்சிதைவுக்கான முதல் மருந்தான குளோர்புரோமசின் மனநல மருத்துவத்துக்குள் வந்ததே 1952-ல்தான். மருந்து அந்தத் தடுமாற்றத்தைக் கூட்டலாம். மொத்தத்தையும் அதன் தலையில் கட்ட முடியாது. கண் என்ன செய்கிறது என்பதை மட்டும் பெயர் சொல்லட்டும். மருந்தாலா நோயாலா என்பதற்கு அடைமொழி இருக்கவே இருக்கிறது.

எனவே பின்தொடரும் அசைவுக்கு ‘விழித்தொடர்வு’. சக்காட் எனப்படும், ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று பாயும் அசைவுக்கு ‘விழித்தாவல்’. பதற்றம் தணிக்கும் மருந்தான டயசெபாமை வைத்து, “டயசெபாம் விழித்தாவலின் வேகத்தைக் குறைக்கிறது” என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுக்கும் சிலருக்குக் கண் மெல்ல மேலே நழுவி, வெடுக்கென்று கீழே இறங்கும். இறங்குகிற படிக்கட்டே ஆடுவதுபோல் தெரியும். மருந்தை நிறுத்தியும் போகாமல் நிற்பதுண்டு. டவுன்பீட் நிஸ்டாக்மஸ் எனப்படும் இதைக் ‘கீழ்நோக்கு விழிநடுக்கம்’ என்றால் கீழே பார்த்தால் மட்டும் வருவது என்று எடுத்துக்கொள்வார்கள். ‘கீழ்வெட்டு விழிநடுக்கம்’ எனலாம்.

இனி ஆக்குலோஜைரிக் கிரைசிஸ். மனச்சிதைவு மருந்தான ஹாலோபெரிடால் தொடங்கிய சில நாளிலேயே இரண்டு கண்ணும் மேலே போய் அப்படியே நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் மருந்தெடுப்பவருக்குப் பிந்தியும் வரும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் இதைச் செய்யும். முதல் உலகப் போர்க் காலத்தில் பரவிய தூக்கநோய் மூளையழற்சியில் தப்பியவர்களுக்கோ, இந்த மருந்துகள் எதுவும் இல்லாமலே வந்தது.

இந்தச் சொல்தேடலில் நம்மோடு இருக்கும் மருத்துவர் அம்மா இதற்குக் ‘கண்செருகல்’ என்றார்கள். வீட்டாரும் “கண்ணு சொருகிக்கிச்சு டாக்டர்” என்றுதான் ஓடி வருவார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் உயிர் போகும் நேரத்துக்கும் கண் செருகுமே! இங்கே ஆள் நினைவோடு இருக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார், கண்ணைத்தான் இறக்க முடியவில்லை. புரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் சற்று நேரத்தில் இறங்கிவிடும். ‘இழுப்பு’ வேண்டாம், வலிப்பையும் மூச்சிரைப்பையும் ஏற்கெனவே சுமக்கிறது.

தசை இறுகி இழுத்துக்கொள்வது ‘இசிவு’. இசிவுநோய் என்றால் டெட்டனஸ் என்று ஒரு வழக்கு உண்டு. ‘மேல்விழி இசிவு’ என்றால் குழம்பாது என்று நினைக்கிறேன். பிந்தி வருவது ‘பிந்திய மேல்விழி இசிவு’.

ஒரே இடறல்: சிலருக்குக் கண் பக்கவாட்டிலும் இழுக்கும், அப்போது ‘மேல்’ பொய்யாகிவிடும். வெறும் ‘விழியிசிவு’ என்று விட்டால், இமை தானாக இறுகி மூடிக்கொள்ளும் இமை இசிவோடு கலந்துவிடுமா? நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவர் அம்மாதான் சொல்ல வேண்டும்.