மறு: 'குறுக்கு மாசுபாடு' வேணாம், 'கிருமித்தாவல்'னு வெச்சுக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்,

வேகாத கறில இருக்கற கிருமி கை, கத்தி, கட்டை வழியா வேற சாப்பாட்டுக்கு போறத இங்கிலீஷ்ல 'கிராஸ் கன்டாமினேஷன்'னு சொல்றாங்களே, அதுக்கு தமிழ்ல என்ன சொல் வைக்கறதுன்னு மூணு நாளா ஓடற இந்த இழைய முழுசா படிச்சுட்டேன். நான் வேலூர்ல ஆஸ்பத்திரி பக்கத்து தெருவுல ஒரு ஓட்டல் கிச்சன பாத்துக்கறவன். சாப்பிட வர்றவங்க பாதி பேர் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம்னு எங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்தவங்க, கீமோ எடுத்துக்கறவங்களும் அதுல உண்டு, உடம்புல எதிர்ப்பு சக்தியே இருக்காது. அதனால இந்த சொல் எனக்கு அகராதிக்காக வேணாம், காலைல ஆறு மணிக்கு கட்டைகிட்ட கத்தியோட நிக்கற பையன்கிட்ட சொல்றதுக்கு வேணும்.

> 'குறுக்கு மாசுபாடு' ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, அதையே வெச்சுக்கலாமே

ஐயா, எங்க பக்கம் மாசுன்னா பாலாறுதான். தோல் தொழிற்சாலை கழிவு, 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போன விவகாரம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆளுங்ககிட்ட மாசுன்னு சொன்னா கண்ணுக்கு தெரியற அழுக்குதான் மனசுல வரும். கிச்சன்ல நாம பயப்படறதோ கண்ணுக்கு தெரியாதது. சோறு ஊசிப்போனா மூக்கே சொல்லிடும், ஆனா வயித்தால போக வைக்கற சால்மொனெல்லா கிருமி இருக்கற கோழி நாறாது, நிறம் மாறாது. குறுக்குன்னா குறுக்கு வழி, குறுக்குப் புத்தி, அதுவும் ஒட்டல.

போன மாசம் நடந்தத சொல்றேன். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதோட பயிற்சி முடிச்ச மேற்பார்வையாளர் சாப்பாட்ட கையாள்ற 25 பேருக்கு ஒருத்தராவது இருக்கணும், எங்க கிச்சன்ல அது நான். படிச்சுட்டு வந்த கையோட கலர் கலரா கட்டை வாங்கி வெச்சேன், செவப்பு வேகாத கறிக்கு, பச்ச காய்கறிக்கு. புதுசா சேந்த பையன்கிட்ட "பச்ச கறிக்கு தனி கட்டைப்பா, காய்க்கு தனி கட்டை"ன்னு சொல்லிட்டு ஸ்டோருக்கு போயிட்டேன். திரும்பி வந்தா பச்ச கலர் கட்டைல கோழிய வெட்டிக்கினு கீறான். கேட்டா "பச்ச கறின்னு சொன்னீங்களேண்ணா, அதான் பச்ச கட்டைல வெட்டறேன்"னு சொல்றான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல, நான் சொன்ன தமிழ்லதான் ஓட்டை. வேகாததுக்கும் பச்சதான், கலருக்கும் பச்சதான். அன்னிலேருந்து கிச்சன்ல 'பச்ச கறி'ன்ற பேச்சே கிடையாது, 'வேகாத கறி'தான். சொல் பட்டியல் போடறவங்க இதையும் குறிச்சுக்கங்க.

அதோட முடியல. அதே கட்டைய தண்ணில காட்டிட்டு தயிர் பச்சடிக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பிச்சான். பச்சடி அடுப்பே பாக்காத அயிட்டம், பிரியாணிக்கு பக்கத்துல அப்படியே எலைக்கு போறது. "குறுக்கு மாசு ஆயிடும்பா"ன்னேன், அவன் பேந்த பேந்த முழிச்சுட்டு மேடைய தொடைக்க ஆரம்பிச்சான், அழுக்கா இருக்குன்னு திட்டறேன்னு நெனச்சுட்டான் போல. அப்புறம் "கோழில இருக்கற கிருமி வெங்காயத்துக்கு தாவிடும்பா"ன்னு சொன்னேன். கை அப்படியே நின்னுது. வெங்காயத்த பூரா எடுத்து குப்பைல கொட்டினான், தோள்ல கெடந்த துணிய பாத்தான், "அப்போ இந்த துணிக்கும் தாவி கீதாண்ணா?"ன்னு கேட்டான். நான் சொல்லிக்குடுக்காத கேள்வி அது. ஒரு சொல்ல கேட்டதும் அடுத்த கேள்வி தானா வருதுன்னா அந்த சொல் வேலை செய்யுதுன்னு அர்த்தம், எனக்கு இத விட பெரிய ஆதாரம் வேணாம்.

> தாவல்னா கிருமி தானா குதிக்கும்னு நெனப்பாங்க, ரெண்டடி தள்ளி வெச்சா போதும்னு ஆயிடும்

இது நியாயமான கேள்விங்க அக்கா, ரெண்டு நாள் யோசிச்சேன். தண்ணி விஷயத்துல நெஜமாவே குதிக்குது, கோழிய கொழாய்ல காட்டி கழுவறப்போ தெறிக்கற தண்ணில பக்கத்துல இருக்கற தட்டு, கரண்டி எல்லாத்துலயும் போய் உக்காருது. மத்தபடி அது கை, கத்தி, துணி இதுல எதுலயாவது தொத்திக்கினுதான் போகும், பஸ்ல தொத்திக்கினு போற மாதிரி. 'தொத்தல்'னே வைக்கலாமான்னு கூட பாத்தேன், ஆனா ஒல்லியா இருக்கறவன தொத்தல்னு கூப்புடறோம், 'தொற்று'ன்னா மனுஷனுக்கு வர்ற வியாதி ஆயிடுது. அதனால பேரு தாவல், வெளக்கி சொல்றப்போ தொத்திக்கும்னு சொல்றது, ரெண்டும் சேந்தா நீங்க சொல்ற குழப்பம் வராது.

> எல்லாருக்கும் புரியணும்னா 'தீட்டு' இருக்கே

வேணாங்க. கெஞ்சி கேட்டுக்கறேன், வேணாம். எங்க கிச்சன்ல பாத்திரம் கழுவற அம்மாவுக்கு அந்த சொல்ல வெச்சு என்னென்ன நடந்திருக்கும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா. பொருளும் தப்பு, தீட்டு ஆளப் பாத்து ஒட்டறது, தண்ணி தெளிச்சா போயிடும்னு நம்பறது. கிருமி யார் கைலயும் வரும், முதலாளி கைலயும் வரும், சோப்பு போட்டு 20 செகண்ட் தேச்சாதான் போகும். தண்ணில காட்டினா போதும்னு அந்த பையன் நெனச்சதும் இதே மாதிரி ஒரு நம்பிக்கைதான்.

இன்னொரு லாபமும் இருக்கு. முன்னாடி வர்ற சொல்ல மாத்தி 'ஒவ்வாமைத் தாவல்'னும் சொல்லலாம். வேர்க்கடலை அரைச்சு ஊத்தின கத்திரிக்கா கொழம்பு கரண்டிய தால்ச்சால போட்டா கடலை ஒத்துக்காதவங்களுக்கு மூச்சே திணறலாம், அது கொதிக்க வெச்சாலும் போகாது, கிருமி கத வேற இது கத வேற. மாசுபாடுன்னு சொன்னா கடலைய எப்படி மாசுன்றது?

இழைல வந்த இன்னொரு சொல், கிருமி வேகமா வளர்ற சூட்டுக்கு சொல்ற 'அபாய மண்டலம்', அத பத்தி சுருக்கமா. 5 டிகிரிலேருந்து 60 டிகிரி வரைக்கும் இருக்கற சூட்டுக்கு 'நடுச்சூடு'ன்னு ஒருத்தர் சொன்னது எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. மத்தியானம் தேக்சால மீந்த பிரியாணிய இந்த வெயில்ல சாயந்திரம் வரைக்கும் அப்படியே வெச்சுட்டு ராத்திரி சூடு பண்ணி குடுக்கறாங்களே, பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி அரிசில வேகறப்பவும் சாவாம தங்கிடும், நடுச்சூட்டுல வளந்து விஷத்த விட்டுடும், அப்புறம் எவ்ளோ சூடு பண்ணாலும் அந்த விஷம் அழியாது. "நடுச்சூட்டுல வைக்காத"ன்னா மாஸ்டருக்கு ஒரே வார்த்தைல புரியுது.

இப்போ பெரியவங்க ஒரு விஷயம் சொல்லணும். 'கிருமித்தாவல்'னு ஒட்டி எழுதறதா, 'கிருமித் தாவல்'னு விட்டு எழுதறதா? ஞாயித்துக்கிழமை பெயின்டர் வர்றாரு, கட்டைக்கு மேல இருக்கற செவுத்துல ஒரு அடி எழுத்துல எழுதப் போறேன், அதுக்குள்ள சொல்லிடுங்க.