வனக்காப்பாளர் கம்ப்ளையன்ஸ் வேலைக்குப் போக மூன்று மாதப் பயிற்சி தேவையா?

அழகியபாண்டியபுரத்தான்:
வனவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மச்சினன் மகன் குலசேகரம் பக்கம் வனக்காப்பாளர், வேலையை விட்டுவிட்டுக் குவாரிகள் சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்கிற கம்ப்ளையன்ஸ் வேலைக்குப் போகப்போகிறேன், அதற்குப் பணம் கட்டி மூன்று மாதம் படிக்க வேண்டும் என்கிறான். பத்து வருஷம் மலை ஏறி இறங்கியவனுக்கு ஏசி அறையில் உட்காரவைத்து எதைச் சொல்லிக்கொடுப்பார்கள்? ஒரு குவாரிக்காரரின் டிசம்பர் அறிக்கையைப் பார்த்தேன். குவாரியைச் சுற்றி மரம் நட்டுப் பசுமை வளையம் வளர்த்திருக்கிறோம் என்று படம் போட்டிருந்தார்கள், ஓரத்தில் சரக்கொன்றை இலையே தெரியாமல் பூத்து நிற்கிறது. நம்ம ஊரில் சித்திரை விஷுவுக்குக் கணி வைக்கிற பூ அது, கார்த்திகையில் எங்கே பூத்தது? பழைய படம். இதைக் கண்டுபிடிக்கச் சான்றிதழ் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

மார்த்தாண்டம் வக்கீல்:
அண்ணாச்சி, கண் சரிதான். ஆனால் அதை வைத்து என்ன செய்தீர்கள்? கொன்றை இப்போதெல்லாம் ஐப்பசியிலும் பூக்கிறது என்று எதிர்த்தரப்பு ஒரு தாவரவியல் வாத்தியாரைக் கூட்டிவந்தால் உங்கள் கதை முடிந்தது. அனுமதிக் கடிதத்தில் எத்தனையாவது நிபந்தனை, அதில் எத்தனை கன்று, எத்தனை மீட்டர் அகலம், நேரில் அளந்தபோது எவ்வளவு இருந்தது, யார் சாட்சி என்று எழுதினால்தான் அது நிற்கும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, மரக்கடத்தல் வழக்கு ஒன்றில் நான் குற்றவாளிக்காக ஆஜராகி ஜெயித்தவன். மகஜரில், அதாவது மரத்தைப் பிடித்த இடத்தில் சாட்சி வைத்து எழுதிய பத்திரத்தில், மரத்துண்டுகளின் நீளம் சென்டிமீட்டரில், கோர்ட்டுக்கு அனுப்பிய பட்டியலில் அடியில். மாற்றிப் போட்டுப் பார்த்தால் எட்டில் மூன்று துண்டு பொருந்தவில்லை. போட்டோ இருக்கிறது என்றார்கள். எடுத்த போன் எக்ஸ்சேஞ்சில் போயாச்சு, மின்னணு ஆதாரத்தைக் கோர்ட் ஏற்கத் தேவையான 65-பி சான்றிதழும் கிடையாது (2024 ஜூலையிலிருந்து அது புதிய சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவு). மரத்தைப் பிடித்த காப்பாளர் நல்ல மனிதர், ராத்திரி முழுக்க மழையில் நின்றவர். கூண்டில் அவர் முழித்த முழி இன்னும் கண்ணில் நிற்கிறது.

அழகியபாண்டியபுரத்தான்:
அப்போ தப்பு காப்பாளர் மேலா? வைகை அணை வனப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கும் சட்டம் நடத்தினார்கள் தம்பி. 1972 வன உயிரினச் சட்டம், 1882 தமிழ்நாடு வனச் சட்டம் எல்லாம் ஒப்பித்தோம். குறுக்கு விசாரணை எப்படி இருக்கும் என்று ஒருத்தரும் காட்டவில்லை. மறுபடியும் அதே மாதிரி வகுப்புக்குத்தான் இவன் பணம் கட்டப்போகிறான், அதைத்தான் நான் கேட்கிறேன்.

கோதையாறு காணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நான் காணிப் பழங்குடி, தினக்கூலி வேட்டைத் தடுப்புக் காவலராக ஆறு வருஷம் இருந்தேன். பயிற்சி என்று வந்தால் நிரந்தர ஆட்கள் போவார்கள், ரோந்துக்கு வழி காட்டியது நாங்கள். அது கிடக்கட்டும். நீங்கள் ரெண்டு பேரும் ஒன்றைக் கேட்கவே இல்லை. அந்தப் பையனுக்குச் சம்பளம் யார் தருவது? ஆண்டுக்கு ரெண்டு தடவை, ஜூன் 1, டிசம்பர் 1 என்று போகிற அறிக்கையை எழுதிக் கொடுப்பதே குவாரிக்காரர்தான். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று சொன்னபிறகு அறிக்கை எழுத ஆள் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். நேற்றுவரை காக்கி போட்டவன், எந்தச் சரகத்தில் எந்த அதிகாரி எப்போது வருவார் என்று தெரிந்தவன், இன்று அதே கல்குவாரி ஆபீஸில் உட்கார்ந்து "கன்றுகள் செழிப்பாக உள்ளன" என்று எழுதினால் அதற்குப் பேர் என்ன? 2006 வன உரிமைச் சட்டம் 5-வது பிரிவில் காட்டைக் காக்கிற அதிகாரம் எங்கள் கிராம சபைக்கும் உண்டு. அளக்கவும் எழுதவும் எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள்.

மார்த்தாண்டம் வக்கீல்:
காணி சொல்வது உறைக்கிறது, ஆனால் பாதிதான் ஒத்துக்கொள்வேன். குவாரிக்குள் விவரம் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தால் முதலாளியிடமே "இதை எழுதினால் மாட்டுவீர்கள்" என்று சொல்லலாம். சொல்வானா என்பது அவன் முதுகெலும்பைப் பொறுத்தது, அதற்குப் பாடத்திட்டம் கிடையாது. ஆனால் எல்லை தெரியணும். வன உயிரினச் சட்டத்தில் வாக்குமூலம் பதிவு செய்ய உதவி வனப் பாதுகாவலர் நிலையாவது வேண்டும். அது தெரியாமல் கீழே உள்ளவர் எழுதி வாங்கிய காகிதம் எத்தனை பார்த்திருக்கிறேன்.

கோதையாறு காணி:
முதுகெலும்பு மாசக் கடைசியில் வளையும் அண்ணா.

அழகியபாண்டியபுரத்தான்:
சரி, இப்படிச் செய்வோம். நான் எழுதிய பழைய மகஜர் ரெண்டின் நகல் பெட்டியில் கிடக்கிறது. பெயர், ஊரை அடித்துவிட்டு இங்கே போடுகிறேன், வக்கீல் தம்பி குறுக்கு விசாரணை மாதிரியே கிழிக்கட்டும், பையனும் பார்ப்பான், காணித் தம்பியின் ஆட்களும் பார்க்கட்டும். அந்தப் பயிற்சிக்காரர்கள் இதைவிடக் கூடுதலாக என்ன தருவார்கள் என்று அப்புறம் அவனே கேட்டுக்கொள்ளட்டும். சம்பளம் யார் தருவது என்பதை நான் அவனிடம் கேட்கவே இல்லை, இன்று ராத்திரி கேட்கிறேன்.