வடசென்னை நிலம் உருவான கதையைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

கொருக்குப்பேட்டை வாசகன்:
தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தில் ஞாயிறு மாலை பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். நம்ம ஏரியா நிலம் எப்படி உண்டானது என்று சொல்ல ஆசை. தேடினால் பல்லாவரத்துச் சார்னோகைட் பாறை, அத்திரம்பாக்கத்துக் கற்கோடரி என்றுதான் வருகிறது. "நம்ம பக்கம் மலையே இல்லையே சார், வெறும் மணல்தானே" என்கிறாள் ஒரு சின்னப் பெண். என்ன சொல்லலாம்?

ஏழுகிணறு தெருக்காரர்:
தம்பி, அந்த மணலைத்தான் சொல்லணும். நான் பிறந்து வளர்ந்தது ஏழுகிணறு பக்கம். 1772இல் இங்கிருந்துதான் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் குடிதண்ணீர் போனது. கடல் இவ்வளவு கிட்டே இருந்தும் கிணற்றில் நல்ல தண்ணி எப்படி என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கொஞ்ச நேரம் யோசிக்க விடுங்கள்.

அப்புறம் கதை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்து கிடந்தது. கரை கிழக்கே வெகுதூரம். பனி உருக உருகக் கடல் ஏறி வந்தது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் ஏற்றம் அடங்கியது. அதன் பிறகு அலை கரைக்கு இணையாக மணல்மேடுகளைக் குவித்தது. மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் உப்பங்கழி. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய், இன்றைய பக்கிங்காம் கால்வாயின் தொடக்கம், இந்தத் தாழ்ந்த தரையில்தான் ஓடுகிறது.

மேட்டில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். நல்ல தண்ணி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே நாற்பது மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைக்கும். அதனால்தான் கண்டபடி உறிஞ்சக்கூடாது. மீஞ்சூர் பக்கம் அப்படி உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இதைப் பயமுறுத்தாமல், ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள்.

காசிமேட்டு அக்கா:
நம்ம கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கே தங்கி மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் நின்றதும் ராயபுரம், காசிமேடு கரையை அலை அரித்தது. இப்போது நம்ம பக்கம் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். நிலம் உருவாவதும் அழிவதும் என்றோ முடிந்த கதை இல்லை, எங்கள் ஆயா காலத்துக் கதை. வலை பின்னும் பெரியவர் யாரையாவது கூப்பிட்டு, முன்னே கரை எதுவரை இருந்தது என்று பிள்ளைகள் முன்னாடி கேளுங்கள். புத்தகத்தில் கிடைக்காதது அவர்களிடம் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை வாசகன்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. கையில் எடுத்துக் காட்ட ஏதாவது?

ஏழுகிணறு தெருக்காரர்:
உங்கள் பக்கம் வீடு கட்டக் கடைக்கால் தோண்டும் இடத்தில் மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள். மணலுக்குக் கீழே கருப்புக் களி வந்தால், அதில் கிளிஞ்சல் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு ஓடும் மூடியபடி அப்படியே கிடைத்தால், அலை அதிகம் புரட்டாத அமைதியான தண்ணியில் அது வாழ்ந்திருக்கும் என்று சொல்லலாம். எந்தத் தெரு, எத்தனை அடி ஆழம் என்று சீட்டு எழுதி டப்பாவில் போடுங்கள். குழிக்குள் பிள்ளைகளை இறக்காதீர்கள், மணல் சரியும்.