டிராவல் டிரெய்லர்: ஷோர் பவர் செருகியும் பேட்டரி ஏறவில்லை, கன்வர்ட்டர் போயிடுச்சா?

கேள்வி: மிச்சிகன்_டிரெய்லர்

2017 மாடல், 24 அடி டிரெய்லர் (வண்டி பின்னால இழுத்துப் போற வீடு), 30 ஆம்ப் ஷோர் பவர் (வெளியிலிருந்து செருகுற 120 வோல்ட்) இணைப்பு. ஃபியூஸ் பெட்டியோடு சேர்ந்தே வரும் 55 ஆம்ப் கன்வர்ட்டர் (120 வோல்ட்டை 12 வோல்ட்டா மாத்தி பேட்டரியையும் ஏத்துறது), சாப்பாட்டு பெஞ்சுக்கு அடியில் இருக்கு. முன்னால் ஏ-ஃபிரேம் (இழுக்கிற முக்கோணச் சட்டம்) மேல 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரி ரெண்டு, சீரிஸ்ல, 220 ஆம்ப்-அவர். கன்வர்ட்டரிலிருந்து பேட்டரிக்கு ஒரு வழி ஏறக்குறைய 20 அடி, 8 கேஜ் ஒயர் (கேஜ் எண் குறைய ஒயர் தடிமன் கூடும்). குளிர்காலத்துக்குக் கழற்றி வச்ச பேட்டரியை ஏப்ரல்ல மாட்டினதிலிருந்து இப்படி:

ஷோர் பவர் செருகினா ஏசி, மைக்ரோவேவ் ஓடுது. 12 வோல்ட் லைட், தண்ணி பம்ப், ஃபர்னஸ் ஃபேன் எல்லாமும் ஓடுது. பிளக்கைப் பிடுங்கின உடனே 12 வோல்ட் சாமான் மொத்தமும் அணைஞ்சிடுது. பேட்டரி முனையில 12.2 வோல்ட். ராத்திரி முழுக்க செருகி வச்சாலும் காலையில அதே 12.2.

சர்வீஸ் கடையில கன்வர்ட்டரையே மாத்தணும்னு சொல்றாங்க. மாத்துறதா இருந்தா பேட்டரியையும் லித்தியமா மாத்திடலாமான்னு யோசனை. அதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

பதில் 1: மீட்டர்_முனுசாமி

கன்வர்ட்டரை மாத்தாதீங்க. நீங்க எழுதினதை வச்சே அது வேலை செய்யுதுன்னு சொல்லிடலாம். பிளக்கைப் பிடுங்கினா 12 வோல்ட் அணையுதுன்னா பேட்டரிக்கும் உள்வயரிங்குக்கும் தொடர்பே இல்லை. அப்போ ஷோர் பவர்ல எரியற லைட்டுக்கு யார் 12 வோல்ட் கொடுக்குறா? கன்வர்ட்டர்தான். பேட்டரியும் 12.2-லயே நிக்குது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. லைன் எங்கேயோ அறுந்திருக்கு.

வழியில இருக்கிறது மூணு சாமான்: பெட்டியில இருக்கிற ரிவர்ஸ் போலாரிட்டி ஃபியூஸ், பேட்டரி டிஸ்கனெக்ட் ஸ்விட்ச், ஏ-ஃபிரேம்ல பேட்டரி பக்கத்துல இருக்கிற சின்ன சர்க்யூட் பிரேக்கர். டிஸ்கனெக்ட் ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தா நிறைய டிரெய்லர்ல சார்ஜும் போகாது, அதனால முதல்ல அதை ஆன் பண்ணுங்க.

தேடுற முறை இது. ஷோர் பவர் செருகி, பெட்டியில பேட்டரி ஒயர் வந்து சேர்ற பிளஸ், மைனஸ் லக்குகளுக்கு (ஒயரைப் பிடிக்கிற உலோக முனைகள்) நடுவே அளந்து பாருங்க. 13.6 பக்கம் இருக்கும்னு வச்சுக்குவோம். பேட்டரியில 12.2. நடுவுல 1.4 வோல்ட் காணோம் இல்லையா, அறுந்த இடத்துக்குக் குறுக்கேதான் அந்த 1.4 நிக்கும். அதனால மீட்டரோட ரெண்டு முனையையும் ஒரே சாமானோட ரெண்டு பக்கத்துல வைங்க. ஃபியூஸோட ரெண்டு காலிலும், அப்புறம் ஸ்விட்ச்சோட ரெண்டு போல்ட்டிலும், அப்புறம் பிரேக்கரோட ரெண்டு போல்ட்டிலும். நல்ல சாமானுக்குக் குறுக்கே 0 காட்டும். எங்கே 1.4 காட்டுதோ அதுதான் ஆள். எதையும் கழற்ற வேண்டியதில்லை. பெட்டிக்குள்ள 120 வோல்ட் பக்கத்து மூடியை மட்டும் திறக்காதீங்க. 12 வோல்ட் பக்கம் போதும்.

ரிவர்ஸ் போலாரிட்டி ஃபியூஸ் பத்தி ஒண்ணு. பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்ப், ரெண்டு ஃபியூஸ் பக்கத்துல பக்கத்துல இருக்கும். பேட்டரியைத் தலைகீழா மாட்டினா ஒரு நொடியில ரெண்டும் போயிடும். டிரெய்லர்ல இது அதிகமா நடக்கக் காரணம் கலர்தான். கார்ல கறுப்பு மைனஸ். டிரெய்லர் வயரிங்ல கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். வசந்தகாலத்துல பேட்டரி மாட்டினப்புறம் வர்ற புகார்ல முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இது. ஃபியூஸ் போயிருந்தா அதே ஆம்ப்ல போடுங்க, பெருசாப் போடாதீங்க.

பதில் 2: தெற்கு_டெக்சஸ்

மேலே சொன்னது ஃபியூஸ் பெட்டியோடு சேர்ந்த கன்வர்ட்டருக்குச் சரி. படிக்கிற மற்றவங்களுக்காக ஒரு வித்தியாசம்: கன்வர்ட்டர் தனிப் பெட்டியா வேற இடத்துல இருந்தா, அந்த ஃபியூஸ் கன்வர்ட்டர் முகப்பிலேயே, அதன் அவுட்புட்ல இருக்கும். அது போனா அறிகுறி தலைகீழ். பேட்டரியில லைட் எரியும், ஷோர் பவர் செருகினாலும் பேட்டரி மெல்ல இறங்கிக்கிட்டே போகும். பாக்கறதுக்கு கன்வர்ட்டர் செத்தமாதிரியே இருக்கும். தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஃபியூஸைப் பாருங்க. அதோட அந்தக் கன்வர்ட்டருக்கு 120 வோல்ட் வருதான்னும் பாருங்க. சில டிரெய்லர்ல பிளக் பாயின்ட்டோட ஒரே பிரேக்கர்ல அதையும் போட்டிருப்பாங்க.

கேள்வி கேட்டவர்: மிச்சிகன்_டிரெய்லர்

அளந்தாச்சு. கறுப்பு பிளஸ்லதான் இருக்கு. ஃபியூஸ் ரெண்டும் 0. ஸ்விட்ச் 0.01. ஏ-ஃபிரேம் பிரேக்கர்ல 1.4! ரப்பர் மூடியைத் தூக்கினா போல்ட் ரெண்டும் பச்சை பூத்திருக்கு. புது 50 ஆம்ப் பிரேக்கர் போட்டதும் பிளக் இல்லாமலே லைட் எரியுது.

ஆனா இப்போ இன்னொண்ணு. சார்ஜ் ஏறும்போது பெட்டியில 13.6, பேட்டரி முனையில 12.87. கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி ஆம்ப் அளக்கிறது) 24 ஆம்ப் காட்டுது. இந்த 0.73 வோல்ட் எங்கே போகுது? இது சகஜமா?

பதில் 3: மீட்டர்_முனுசாமி

கிளாம்ப் மீட்டர் வச்சிருக்கிறது நல்லது. (மற்றவங்க வாங்கும்போது டிசி (பேட்டரி கரன்ட்) ஆம்ப் அளக்கிறதான்னு பார்த்து வாங்குங்க, விலை குறைஞ்ச கிளாம்ப் பலதும் ஏசி கரன்ட் மட்டும்தான் அளக்கும்.)

இந்த 0.73-ஐ ரெண்டா பிரிக்கணும். நீளமான ஒயர் ஒண்ணை மீட்டர் முனையோட சேர்த்துக்குங்க. பெட்டி பிளஸ் லக்கிலிருந்து பேட்டரி பிளஸ் முனைக்கு ஒரு அளவு. பெட்டி மைனஸ் லக்கிலிருந்து பேட்டரி மைனஸ் முனைக்கு ஒரு அளவு. மீட்டர் முள்ளை ஒயர் லக் மேல வைக்காம, பேட்டரியோட ஈய முனை மேலேயே குத்துங்க. சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கும்போதே அளக்கணும். கரன்ட் ஓடலைன்னா துருப்பிடிச்ச இணைப்பும் 0 காட்டி ஏமாத்தும்.

8 கேஜ் செம்பு 1000 அடிக்கு 0.628 ஓம். 20 அடிக்கு 0.0126 ஓம். 24 ஆம்ப்ல 0.30 வோல்ட். பிளஸ் பக்கம் இதுக்குப் பக்கத்துல வந்தா ஒயர் தன் குணத்தைத்தான் காட்டுது. மைனஸ் பக்கம் சேசிஸ் (டிரெய்லரோட இரும்பு ஃபிரேம்) வழியா வந்தா அதைவிடக் குறைவா வரணும். கூடினா எர்த் போல்ட்டைப் பாருங்க.

கேள்வி கேட்டவர்: மிச்சிகன்_டிரெய்லர்

பிளஸ் பக்கம் 0.32. மைனஸ் பக்கம் 0.41. பேட்டரியிலிருந்து வர்ற வெள்ளை ஒயர் ஃபிரேம்ல ஒரு ஸ்க்ரூல முடியுது, லக்குக்கு அடியில பெயின்ட் அப்படியே இருக்கு.

பதில் 4: மீட்டர்_முனுசாமி

அதுதான். டிஸ்கனெக்ட் ஆஃப், ஷோர் பவர் பிடுங்கல், பேட்டரி மைனஸ் கழற்றல். அப்புறம் பெயின்ட்டைப் பளபளன்னு உலோகம் தெரியுற வரைக்கும் சுரண்டுங்க. தகரத்துல இறங்குற ஸ்க்ரூ வேண்டாம். ஓட்டை போட்டு 5/16 அங்குல போல்ட், பல் வாஷர், நட். லக்கை ஒயரில் சரியான கிரிம்ப்பர் வச்சு அழுத்துங்க. சுத்தியல் அடி வேலைக்காகாது. இறுக்கின பிறகு மேல பெயின்ட் அடிங்க. கன்வர்ட்டர் பக்கத்துல ஃபிரேமுக்கு இறங்குற ஒயரிலும் இதே வேலை.

இந்த 0.4 ஏன் முக்கியம்? கன்வர்ட்டர் தன் முனையில தெரியுற வோல்ட்டை வச்சுத்தான் எந்தக் கட்டத்துல சார்ஜ் பண்றதுன்னு முடிவு பண்ணுது. மூணு கட்டக் கன்வர்ட்டர்ல வழக்கமா 14.4 வேகமா ஏத்த, 13.6 சாதாரணம், 13.2 சும்மா வச்சிருக்க. வழியில தடை இருந்தா பேட்டரி பாதி காலியா இருந்தாலும் கன்வர்ட்டருக்கு அது நிறைஞ்ச மாதிரி தெரியும். 14.4-க்கு ஏறாமலே 13.6-ல உக்காந்துடும். உங்க கேஸ்ல நடக்கிறதும் அதுவாத்தான் இருக்கும்.

ஒயரை 6 கேஜா மாத்தி, மைனஸுக்கும் தனி ஒயர் இழுத்தா போக வர 40 அடிக்கு 24 ஆம்ப்ல 0.38 வோல்ட், 4 கேஜ்னா 0.24. ஆனா எப்பவும் முழு ஹூக்அப் (கரன்ட், தண்ணி, கழிவுநீர் இணைப்பு உள்ள) கேம்ப்கிரவுண்ட்லயே நிக்கிறவங்களுக்கு இது வீண் செலவு. ரெண்டு மூணு நாள் செருகியிருந்தா ஆம்ப் குறைஞ்சு, வோல்ட் வீழ்ச்சியும் தானா குறைஞ்சு, பேட்டரி நிறைஞ்சிடும். ஜெனரேட்டரை நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டி ஏத்துறவங்களுக்குத்தான் ஒவ்வொரு 0.1-உம் கணக்கு.

பதில் 5: தெற்கு_டெக்சஸ்

லித்தியம் கேள்விக்கு வர்றேன். இப்போதைக்கு வேண்டாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி காலியா இருந்தா கன்வர்ட்டர் கொடுக்கிற 55 ஆம்ப்பையும் நிறுத்தாம உறிஞ்சும். மைனஸ் பக்கமும் 8 கேஜ் அளவு தடைன்னு வச்சா, போக வர 40 அடிக்கு அது 1.4 வோல்ட் வீழ்ச்சி. 50 ஆம்ப் பிரேக்கரும் விட்டு விட்டு விழும். ஈயத்துக்காகச் செஞ்ச பழைய கன்வர்ட்டரை மணிக்கணக்கா முழு ஆம்ப்ல ஓட்டினா சூடாகும். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வரை வேணும், 13.6-ல கடைசிப் பங்கு ரொம்ப மெதுவா ஏறும். இதுக்கெல்லாம் மேல, 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதை சார்ஜ் பண்ணவே கூடாது. மிச்சிகன்ல ஏ-ஃபிரேம் மேல வெட்டவெளியில இருக்கிற பேட்டரிக்கு அது சின்ன விஷயம் இல்லை. மாறினா ஒயர், பிரேக்கர், கன்வர்ட்டர், இடம் நாலும் சேர்ந்து மாறும்.

அதுக்குப் பதிலா இருக்கிற பேட்டரியை சோதிங்க. 12.2-ல வாரக்கணக்கா கிடந்திருந்தா சல்பேட் படிஞ்சிருக்கும். முதல்ல தண்ணி: பிளேட் வெளியே தெரிஞ்சா மட்டும் அது மூழ்குற அளவு டிஸ்டில்டு வாட்டர் விட்டுட்டு சார்ஜ் போடுங்க, முழுசா நிரப்புறது சார்ஜ் ஆன பிறகு. முன்னாடியே நிரப்பினா பொங்கி ஆசிட் வழியும். முழு சார்ஜுக்கு அப்புறம் ஆறு மணி நேரம் எதுவும் இணைக்காம விட்டு, ஒவ்வொண்ணையும் தனியா அளங்க. 6.3-க்கு மேல ரெண்டும் சமமா இருக்கணும். ஹைட்ரோமீட்டர்ல (ஆசிட் அடர்த்தி அளக்கிறது) ஆறு செல்லும் 1.265 பக்கம் வரணும். ஒரு செல் மட்டும் மத்ததைவிட 0.050 குறைஞ்சா அந்த பேட்டரி முடிஞ்சது. கோல்ஃப் வண்டி பேட்டரி சிலது 14.8 வரை கேட்கும், அதனால 14.4 கன்வர்ட்டர்ல கடைசிச் சொட்டு ஏறப் பொறுமை வேணும்.

பதில் 6: மீட்டர்_முனுசாமி

புது பிரேக்கர் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. நீங்க போட்டது தானா ரீசெட் ஆகிறதா, பட்டன் வச்சதா? தானா ஆகிறதுல ஷார்ட் இருந்தாலும் விழுந்து எழுந்து விழுந்து எழுந்து சூடேறிக்கிட்டே இருக்கும், வெளியே தெரியாது. கையால ரீசெட் பண்றதை மாட்டுங்க, பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள்ள. போல்ட்ல டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (கரன்ட் கடத்தாதது) இறுக்கின பிறகு மேலே தடவுங்க, லக்குக்கு அடியில வேண்டாம்.