மறுமொழி: ஓசிடி, அல்ட்ராசவுண்ட் – 'ஒளிப்படம் / ஒலிப்படம்' வேண்டாம்

வணக்கம் அன்பர்களே,

கண் அழுத்த நோய் (குளுக்கோமா) கையேட்டுக்கு நம் குழுவில் ஐயா அனுப்பிய தமிழ்ச் சொற்பட்டியலில், ஒளியால் கண்ணுக்குள் பார்க்கும் ஸ்கேனான ஓசிடிக்கு 'ஒளிப்படம்', ஒலியால் பார்க்கும் அல்ட்ராசவுண்டுக்கு 'ஒலிப்படம்' என்று இருக்கிறது. எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, வாயில் நிற்காது. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் ளகரத்தையும் லகரத்தையும் ஒன்றாகத்தான் சொல்வார்கள். இரண்டு சொல்லும் அவர்கள் காதில் ஒன்றே. அதோடு ஒளிப்படம் என்பது ஃபோட்டோவுக்கு ஏற்கெனவே புழங்கும் சொல், விழித்திரையை ஃபோட்டோ எடுப்பதும் இதே நோய்க்குச் செய்யும் இன்னொரு சோதனை.

இப்போதைக்கு எல்லாமே 'ஸ்கேன்'தான். அதில்தான் சிக்கல். கண்புரை நன்றாக முற்றி வெள்ளையாகிவிட்டால் ஒளி உள்ளே போகாது, ஓசிடி எடுக்க முடியாது. மூடிய இமைமேல் பசை தடவி அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள், ஒலிக்குப் புரை தடையில்லை. ஆனால் பாட்டிக்கு என்ன தோன்றும்? "ஒரே ஸ்கேனை ஏன் ரெண்டு தடவை எடுக்கிறாங்க, முதல்ல எடுத்தது கெட்டுப்போச்சா?"

இரண்டும் அளப்பதும் வேறு வேறு. ஓசிடி 1991-இல் வெளிவந்த முறை, அகச்சிவப்பு ஒளியால் விழித்திரையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும். பார்வை நரம்பில் 10 லட்சத்துக்கும் மேல் இழைகள், அவை வட்டுக்குள் (கண்ணின் பின்பக்கம் நரம்பு தொடங்கும் வட்டமான இடம்) இறங்கும் இடத்தைச் சுற்றி அந்த இழைப் படலம் எவ்வளவு தடிமன் என்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் சொல்லிவிடும். நலமான கண்ணில் சராசரி ஏறத்தாழ 100 மைக்ரான், நோய் முற்ற முற்றக் குறையும். கண்ணுக்கு வழக்கமாகப் பயன்படும் 10 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்டுக்கு அந்த நுணுக்கம் வராது. இந்த நோயில் வட்டில் விழும் குழி ஆழமாக இருந்தால் தெரியும், லேசான குழி தப்பிவிடும். ஆனால் அது கண்ணுக்குப் பின்னாலும் பார்க்கும்: விழிக்கோளத்துக்கு 3 மில்லிமீட்டர் பின்னே, நரம்பை உறையோடு சேர்த்து அளக்கலாம். தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த அளவு பெரும்பாலும் பயன்படுகிறது. கண் அழுத்த நோயை ஆராய்கிறவர்களும் அதைக் கவனிக்கிறார்கள், ஏனென்றால் வட்டுக்கு முன்னால் கண்ணின் அழுத்தம், பின்னால் அந்த உறைக்குள் இருக்கும் மூளைத் தண்டுவட நீரின் அழுத்தம், இரண்டுக்கும் நடுவில்தான் நரம்பு மாட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால் பட்டியலில் இருக்கும் 'நரம்பு அளவு' என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. ஓசிடி தருவது 'நரம்பிழைத் தடிமன்', அல்ட்ராசவுண்ட் தருவது 'நரம்புறை விட்டம்'. ஒன்று மைக்ரானில், மற்றது மில்லிமீட்டரில்.

சரி, கருவிகளுக்கு என் பரிந்துரை: ஓசிடிக்கு 'அடுக்குப்படம்', அல்ட்ராசவுண்டுக்கு 'மீயொலிப்படம்'. மீயொலி தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருப்பதுதான், 'மீ' முன்னால் வருவதால் காதிலும் குழம்பாது. ஓசிடியின் முழுப்பெயரில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் பெயர்த்து 'ஒளியியல் ஓரியல்பு வெட்டுவரைவியல்' என்று வைத்தால் நோயாளி அல்ல, தாதியே படிக்கமாட்டார்.

சிடி ஸ்கேனும் அடுக்குதானே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் 'விழி அடுக்குப்படம்' என்று வைத்துக்கொள்வோம், ஒரு சொல் கூடினாலும் பரவாயில்லை. கிள்ளான், கூலிம் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இந்த இரண்டு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள், அப்புறம் கையேட்டில் சேர்க்கலாம்.