114 கிலோ எடைக்கு கிளிப்லெஸ் பெடல், ஷூ: எதைப் பார்த்து வாங்குவது?

எதிர்க்காற்று எழுதியது:
வணக்கம் நண்பர்களே. எடை 114 கிலோ, உயரம் 178 செ.மீ. ஓட்டுவது அலுமினியக் கிராங்க் (பெடல் பூட்டும் கை) போட்ட ஹைபிரிட் சைக்கிள். இப்போது பிளாட் பெடலும் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவும்தான். 40 கி.மீ தாண்டினால் முன்பாதம் எரிந்து விரல்கள் மரத்துப் போகின்றன, மழையில் கால் வழுக்குகிறது. அதனால் ஷூ பெடலிலேயே பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் முறைக்கு மாற நினைக்கிறேன். அடுத்து 200 கி.மீ பிஆர்எம் (நேர எல்லைக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) போக ஆசை. கடையில் டைட்டானியம் அச்சு உள்ள ரோடு பெடலைக் காட்டி, இதுதான் டாப் என்கிறார்கள். என் எடையை அது தாங்குமா? கிளீட்டை (ஷூவின் அடியில் பூட்டி, பெடலில் மாட்டும் துண்டு) பூட்ட இரண்டு போல்ட்டா, மூன்று போல்ட்டா? பாதம் நல்ல அகலம், ஷூ எப்படித் தேர்ந்தெடுப்பது?

கிராங்க்செட் எழுதியது:
அந்த டைட்டானியம் பெடல் வேண்டவே வேண்டாம் நண்பரே. அப்படிப்பட்ட பல பெடல்களுக்குத் தயாரித்த கம்பெனியே 85 அல்லது 90 கிலோ என்று எல்லை போட்டிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் பொடி எழுத்தில் கிடக்கும், கடைக்காரர் படித்திருக்க மாட்டார். எழுந்து நின்று மேடு ஏறும்போது உங்கள் முழு எடையும் ஒரே அச்சில் இறங்குகிறது, கைகள் ஹேண்டில்பாரை இழுக்கிற விசையும் அதோடு சேர்கிறது. குரோமோலி ஸ்டீல் அச்சு உள்ள பெடலாகப் பாருங்கள். கூடுதலாக நூறு, இருநூறு கிராம் ஏறும், அது ஒரு பொருட்டே இல்லை.

மூன்று போல்ட் முறையில் கிளீட் அகலமானது, அழுத்தம் பரவலாக விழும். அது உண்மை. ஆனால் அந்த கிளீட் பிளாஸ்டிக், ஷூவுக்கு அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். நம் எடையோடு பெட்ரோல் பங்க் தரையிலும் டீக்கடை டைல்ஸிலும் நடந்தால் சீக்கிரம் தேயும், வழுக்கவும் செய்யும். 200 பிஆர்எம்-க்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள். கன்ட்ரோலில் (வழியில் வருகையைப் பதிவு செய்யும் இடம்) இறங்கி நடக்க, சாப்பிட, தண்ணீர் பிடிக்க ஷிமானோவின் இரண்டு போல்ட் முறையான எஸ்பிடிதான் வசதி. கிளீட் இரும்பு, ஷூவின் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே பதுங்கி இருக்கும்.

எஸ்பிடியிலும் எல்லாப் பெடலும் ஒன்றல்ல. ஷிமானோ எம்520 உறுதியானது, மலிவானது, ஆனால் உடல் சின்னது. மெல்லிய ஷூவோடு சேர்ந்தால் உங்கள் எரிச்சல் அப்படியே தொடரும். சுற்றிலும் சட்டம் உள்ள டிரெயில் வகை, அதாவது எம்இ700 அல்லது எக்ஸ்டி எம்8120 வாங்கினால் ஷூவின் ரப்பர் அந்தச் சட்டத்தின் மேல் உட்காரும், பாதம் பக்கவாட்டில் ஆடாது. நகரத்தில் செருப்போடும் ஓட்டுவீர்கள் என்றால் இஎச்500: ஒரு பக்கம் பிளாட், மறுபக்கம் எஸ்பிடி.

அகலப்பாதம் எழுதியது:
ஷூ பற்றி மட்டும் சொல்கிறேன் ப்ரோ. கனமானவர்களுக்கு பெடலைவிட இதுதான் முக்கியம்.

மாலையில், சைக்கிள் சாக்ஸ் போட்டு, ஒரு தாளில் நின்றபடி இரண்டு பாதத்தையும் வரையுங்கள். எடை இறங்கும்போது உள்வளைவு தட்டையாகி பாதம் நீளத்திலும் அகலத்திலும் விரியும். உட்கார்ந்து அளந்தால் தவறான சைஸ்தான் வரும். பெரிய பாதத்தின் நீளத்தைக் கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஷிமானோவில் 43 என்றால் 27.2 செ.மீ, 44 என்றால் 27.8.

அகலம் போதவில்லை என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. குதிகால் எழும்பும், கிளீட் துளைகள் பாதத்துக்கு மிகவும் முன்னே போய்விடும், கெண்டைக்கால் இழுக்கும். அதே சைஸில் 'வைடு' கேளுங்கள். ஷிமானோ சில மாடல்களில் தருகிறது. அதுவும் பத்தாதவர்களுக்கு லேக் கம்பெனியில் இன்னும் அகலமானவை உண்டு.

அடிப்பகுதியின் விறைப்பைக் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு கையில் குதிகால், மறு கையில் நுனியைப் பிடித்து வளையுங்கள். விரல் நுனிப் பகுதி கொஞ்சம் வளைந்தால் பரவாயில்லை. கிளீட் பூட்டும் இடம் மடங்கினால் அந்த ஷூ வேண்டாம். அந்தச் சின்ன இரும்புத் துண்டைச் சுற்றி அடிப்பாகம் வளைந்து, எல்லா அழுத்தமும் ஒரே புள்ளியில் குவிவதால்தான் எரிச்சலும் மரத்துப்போதலும். கண்ணாடி இழை கலந்த நைலான் அடிப்பாகம் போதும், கார்பன் தேவையில்லை.

பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் எழுதியது:
பெடல் பூட்டுவதில்தான் பலர் கிராங்கைக் கெடுக்கிறார்கள். மரையில் கிரீஸ் தடவி, முதலில் கையாலேயே முழுக்கச் சுற்றி ஏற்றுங்கள். வலது பெடல் வலஞ்சுழியாக இறுகும், இடது பெடல் இடஞ்சுழியாக. ஷிமானோ சொல்லும் இறுக்கம் 35 முதல் 55 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லையா, 30 செ.மீ நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 12 முதல் 18 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளர்வாக விட்டால் ஸ்டீல் அச்சு ஒவ்வொரு மிதிக்கும் துளி ஆடி அலுமினிய மரையை அரைத்துவிடும். கனமானவர்களிடம் இது வேகமாக நடக்கும். அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். முதல் 50 கி.மீ முடிந்ததும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கிளீட்டுக்கு: ஷூ போட்டு நின்று, பெருவிரலுக்குப் பின்னால் புடைத்த எலும்பையும் சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ளதையும் தடவிப் பார்த்து, ஷூவின் ஓரத்தில் மார்க்கரால் குறியுங்கள். கிளீட்டின் நடுப்பகுதி இந்த இரண்டுக்கும் இடையில் வரட்டும். எரிச்சல் இருப்பதால் பெருவிரல் குறியிலிருந்து 10 மி.மீ வரை பின்னால் தள்ளலாம். போல்ட் மரையில் கிரீஸ், 4 மி.மீ அலன் கீ, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். மழையில் ஓட்டினால் கிரீஸ் இல்லாத போல்ட் துருப்பிடித்து, கழற்றும்போது உள்தகடோடு சேர்ந்து சுற்றும்.

தொடை, இடுப்பு அகலமாக இருந்து கால் இயல்பாகவே வெளிப்பக்கம் திரும்பினால் கிளீட்டையும் அதே கோணத்துக்குத் திருப்புங்கள். நேராக்கப் பார்த்தால் முழங்கால்தான் பழி சுமக்கும். பெடலைத் தள்ளி வைக்க 20 மி.மீ நீட்டிப்பு விற்கிறார்கள், அதை நான் சொல்ல மாட்டேன். நெம்பு நீளம் கூடி கிராங்க் மரைக்கு மேலும் சுமை.

எதிர்க்காற்று எழுதியது:
மிக்க நன்றி. டிரெயில் வகை எஸ்பிடி, வைடு ஷூ என்று முடிவு செய்துவிட்டேன். சிக்னலில் காலை எடுக்க முடியாமல் விழுவதுதான் பயம். இந்த எடையில் விழுந்தால் சும்மா இருக்காது. பெடல் கிளீட்டைப் பிடிக்கும் இறுக்கத்தை, அதாவது டென்ஷனை, எவ்வளவு வைப்பது? எஸ்எச்56 கிளீட் நல்லது என்கிறார்களே?

கிராங்க்செட் எழுதியது:
எஸ்எச்56 பல திசையில் கழலும், குதிகாலை மேலே இழுத்தாலும் விடும். ஆரம்பத்துக்கு நல்லதுதான். ஆனால் நீங்கள் எழுந்து நின்று பெடலை மேலே இழுத்தால் எதிர்பாராமல் விட்டுவிடலாம், அதனால் அதில் இருக்கும்வரை மேட்டிலும் உட்கார்ந்தே மிதியுங்கள். பழகியதும், வெளிப்பக்கம் திருப்பினால் மட்டும் விடுகிற எஸ்எச்51-க்கு மாறுங்கள். பெரும்பாலும் பெட்டியிலேயே வருவது இதுதான்.

டென்ஷன் திருகு பெடலின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி, இரண்டு பெடலுக்கும் சேர்த்து நான்கு. நான்கையும் 3 மி.மீ அலன் கீயால் இடஞ்சுழியாகத் தளர்த்தி, குறைந்தபட்ச அளவில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து எண்ணும் கிளிக் நான்கிலும் சமமாக இருக்கட்டும். தானாகக் கழன்றால் இரண்டு கிளிக் கூட்டுங்கள்.

நம் ஊரில் இடதுபக்கப் போக்குவரத்து, ஆகவே இடது காலை எடுத்துப் பழகுங்கள். நிற்கும் இடத்துக்குப் பத்து மீட்டர் முன்பே கியரைக் குறைத்து, இடது பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்கள். பாதத்தை மேலே தூக்கப் பார்த்தால் எஸ்எச்51 விடாது. பெரும்பாலோர் விழுவது இதன் பிறகுதான்: இடது காலை எடுத்தாயிற்று, சைக்கிள் வலப்பக்கம் சாய்கிறது. நிற்பதற்குச் சற்று முன் ஹேண்டிலை லேசாக வலப்பக்கம் திருப்பினால் சைக்கிள் இடப்பக்கம் சாயும், தரையில் கால் தானாக ஊன்றும். காலி மைதானத்தில் முப்பது, நாற்பது தடவை செய்து பார்த்துவிட்டு ரோட்டுக்கு வாங்க.

பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் எழுதியது:
ஒன்று விட்டுப்போயிற்று. புதுப் பெடலும் ஷூவும் வந்ததும் சீட் உயரத்தை மறுபடி பாருங்கள், அடிப்பாகத்தின் தடிமன் மாறியிருக்கும். மாதம் ஒருமுறை பெடலைப் பிடித்துக் கிராங்குக்குக் குறுக்கே ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் பேரிங். கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றும்போது பெடல் தட்டு மேலும் கீழும் அலைந்தால் அச்சு வளைந்திருக்கிறது, அதில் ஓட்டாதீர்கள்.