துணை வார்டன் பொறுப்பை ஏற்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

புதுவிரிவுரையாளர்:
பொறியியல் கல்லூரி ஒன்றில் வேதியியல் துறையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஜூன் முதல் பெண்கள் விடுதிக்குத் துணை வார்டனாக இருக்கச் சொல்கிறார்கள். 240 மாணவிகள். அறையும் சாப்பாடும் இலவசம், ஆனால் பாடவேளை ஒன்றுகூடக் குறையாது. ராத்திரி வருகைப்பதிவு, அவுட்பாஸ், மெஸ் கணக்கு எல்லாம் என் தலையில். எனக்கு 27 வயது. கடைசி வருஷப் பெண்கள் என் பேச்சைக் கேட்பார்களா? முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

எட்டுவருஷவார்டன்:
ஏற்றுக்கொள்ளுங்கள் மேடம். முதல் நாளே ஆயாம்மா, மெஸ் மாஸ்டர், வாட்ச்மேன் மூன்று பேரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். விடுதி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

என் இரண்டாவது வருஷம். வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா என்னைக் கூப்பிட்டு, "214 பொண்ணோட நீல வாளி ரெண்டு நாளா காஞ்சு கெடக்கும்மா" என்றார். ரிஜிஸ்டரைப் பார்த்தேன், இரண்டு ராத்திரியும் கையெழுத்து இருந்தது. போய்க் கதவைத் தட்டினால், அந்தப் பெண் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள். மூன்று பேப்பர் அரியர். வீட்டில் சொல்லப் பயந்து சாப்பிடவே இல்லை. கூட இருந்தவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், கையெழுத்தைப் பக்கத்து அறைப் பெண் போட்டிருக்கிறாள். ரசம் சாதம் கரைத்துக் கொடுத்து, அவள் அம்மாவிடம் நானே போனில் பேசினேன். அன்றிலிருந்து ரிஜிஸ்டரை வாசலில் வைப்பதை விட்டுவிட்டேன். அறை அறையாகப் போய் முகத்தைப் பார்த்துத்தான் பதிவு. முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

அடுத்து மெஸ். டிவைடிங் சிஸ்டம், அதாவது மாதச் செலவைச் சாப்பிட்ட நாட்களுக்கு ஏற்பப் பங்கு போடுவது என்றால், கணக்கு உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். சமையல் ஆள் சம்பளம், கேஸ் எல்லாம் சேர்த்து மாதம் 1,80,000 ரூபாய் என்று வையுங்கள். மளிகை, காய்கறி, பால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 85. எல்லோரும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டினால் 6,000 என்றால், அந்த 1,80,000இல் ஒரு நாள் பங்கு 30, அதோடு 85 சேர்த்துத் தினக் கட்டணம் 115. பொங்கல் மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய் அது 4,500 ஆனால், பங்கு 40 ஆகிக் கட்டணம் 125. சம்பளம் குறையாதே! இதைச் சொல்லாவிட்டால் யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் பேச்சு கிளம்பும். மாதாமாதம் கணக்கை மெஸ் வாசலில் ஒட்டிவிடுங்கள்.

ராகிங் விஷயத்தில் தயவுதாட்சண்யம் வேண்டாம். தமிழ்நாட்டில் 1997லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைப்படி வார்டன் எந்நேரமும் போனில் கிடைக்க வேண்டும், அந்த மொபைலைக் கல்லூரிதான் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

மெஸ்ரெப்_மூன்றாம்வருஷம்:
மேடம், மாணவியாக ஒன்று சொல்கிறேன். எங்கள் பழைய துணை வார்டனுக்குச் சாப்பாடு தனியாக அறைக்குப் போகும். இப்போது இருக்கிறவர் தட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு வரிசையில் நிற்கிறார். சாம்பார் நீர்த்துப்போன அன்றைக்கு நாங்கள் புகார் எழுதவே வேண்டியிருக்கவில்லை. காலை ஐந்தரைக்குக் காய்கறி லோடு வரும்போது எடை பார்ப்பது எங்கள் முறை. வாரத்தில் ஒரு நாளாவது நீங்களும் வந்து நில்லுங்கள். வயசெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எட்டுவருஷவார்டன்:
இந்தப் பெண் சொல்வது சத்தியம். இன்னொன்று விட்டுப்போனது. ராத்திரி யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் மறுநாள் முதல் பீரியட் உங்களுக்குக் கிடையாது என்று இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் வாங்கவில்லை, எட்டு வருஷமும் அவதிப்பட்டேன்.

புதுவிரிவுரையாளர்:
இருவருக்கும் நன்றி. முதல் பீரியட், மொபைல் இரண்டையும் எழுதி நாளைக்கு முதல்வரிடம் கொடுக்கிறேன். ஆயாம்மாவிடம் இன்று சாயங்காலமே பேசினேன். பதினொரு வருஷமாக அங்கே இருக்கிறாராம்.